தலை திரும்பினால் வானம் திரும்பும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் போன் செய்து, "இந்த வருஷம் நீ பேசணும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "எதைப் பத்தி வேணும்னாலும் பேசு. ஹாஸ்டல் மெஸ் கதை மட்டும் வேண்டாம். அதை வருஷா வருஷம் யாராவது பேசிடறாங்க. பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லு" என்றார். ஆகவே மெஸ் இட்லியைத் தொட மாட்டேன். ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். விளையாட்டு என்று சொன்னதும் பின்வரிசை நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. நன்றி.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் 'ஃப்ளைட் சிமுலேட்டர்' உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1970களின் கடைசியில் புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு ஒன்றை எழுதினார். 1982இல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐ.பி.எம். பி.சி.க்கு வந்தது. அந்தக் காலத்தில் வானம் ஒரு நிறம், தரை ஒரு நிறம், நடுவில் சில கோடுகள், அவ்வளவுதான். சிகாகோவில் ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு என்ற சின்ன விமான நிலையத்தில்தான் பல பதிப்புகளில் விமானம் கிளம்புவதற்குத் தயாராக நிற்கும். அந்த நிலையத்தை 2003இல் இடித்தே விட்டார்கள். ஆனாலும் உலகம் முழுக்க என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஓடுபாதை சொந்த ஊர்த் தெரு மாதிரி ஞாபகத்தில் இருக்கிறது.

இன்றைய சிமுலேட்டர்களில் மேகம், மழை, காக்பிட்டில் ஒவ்வொரு சுவிட்ச் எல்லாம் அச்சாக இருக்கின்றன. ஆனால் அந்த விமானத்துக்குள் உட்கார்ந்து, தலையைத் திருப்பி, பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது எப்படி? இந்தச் சின்னக் கேள்விதான் என்னை மூன்று வருடமாகப் பிடித்து ஆட்டுகிறது. அதற்குக் கிடைத்த பதில், மானிட்டர் மேல் உட்கார்ந்திருக்கும் சாதாரண வெப் கேமரா. நம் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அது பார்க்கும். திரையில் காட்சி அந்தப் பக்கம் திரும்பும்.

நான் 1986இல் மின்னணுவியல் முடித்து வெளியே போனவன். 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' பாடத்தில் தேறினேன் என்று மார்க் ஷீட் சொல்கிறது. அந்தப் பாடம் எனக்கு உண்மையில் புரிந்தது ஓய்வு பெற்ற பிறகு, இந்த விளையாட்டில்தான். பாடம் எடுத்த பேராசிரியர் இங்கேதான் இருக்கிறார். மன்னிக்க வேண்டும் சார்.

ஓடுபாதை எங்கே?

தலையைத் திருப்புவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சின்ன விமானத்தை இறக்குகிற முறையைச் சொல்கிறேன், புரிந்துவிடும்.

செஸ்னா 172 போன்ற விமானம் நேராக வந்து இறங்கிவிடுவதில்லை. ஓடுபாதையை ஒட்டி ஒரு செவ்வகம் போடும். முதலில் தரையிலிருந்து சுமார் 1000 அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாக, இறங்க வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் பறக்க வேண்டும். அப்போது ஓடுபாதை நமக்கு இடது பக்கம் இருக்கும். இறங்க வேண்டிய முனையைத் தாண்டிப் போய், அந்த முனை இடது தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் தெரியும்போது இடது பக்கம் ஒரு திருப்பம். பிறகு ஓடுபாதைக்கு நேராக வரும்படி இன்னொரு திருப்பம். இரண்டு திருப்பத்துக்கும் எப்போது ஆரம்பிப்பது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் அது நடக்காது.

கடைசித் திருப்பத்தைத் தாமதமாக ஆரம்பித்துவிட்டு, 'ஐயோ, ஓடுபாதையைத் தாண்டிவிட்டோமே' என்று அவசரமாக இறுக்கித் திருப்பி, வேகம் குறைந்து, ஒரு இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விமானம் சுழன்று விழுவது, சிறு விமான விபத்துகளில் மிகப் பழைய கதை. தரைக்கு அவ்வளவு பக்கத்தில் மீட்க நேரம் இருக்காது. ஆக, பார்ப்பது என்பது ஓட்டுவதில் பாதி.

இப்போது என் மேஜைக்கு வாருங்கள். 24 அங்குல மானிட்டர், 60 சென்டிமீட்டர் தூரத்தில். திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். என் கண்ணுக்கு அது அடைத்துக் கொள்ளும் கோணம் 48 டிகிரிக்குள்தான். மனிதக் கண்கள் இரண்டும் சேர்ந்து கிடைமட்டத்தில் ஏறக்குறைய 200 டிகிரி பார்க்கும். அதாவது குதிரைக்குக் கண்பட்டை கட்டினது போல நான் விமானம் ஓட்டிக் கொண்டிருந்தேன்.

ஜாய்ஸ்டிக்கின் தலையில் கட்டை விரலுக்கு ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதைத் தள்ளினால் பார்வை தடக்கென்று 45 டிகிரி தாவும், இன்னொரு தரம் தள்ளினால் 90. பார்வை தாவியதும் எந்தப் பக்கம் எது என்று ஒரு கணம் குழம்பும். அந்தக் கணத்தில் விமானம் சரியும். மாதக் கணக்கில் நான் கடைசித் திருப்பத்தைத் தவறவிட்டு, பக்கத்து வயலில் இறங்கிக் கொண்டிருந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கும் நெல்லு வயல்தானா?" என்று கேட்பாள்.

மூன்று விளக்கு, ஒரு பழைய ஃபிளாப்பி

தலை திரும்பும் பக்கம் காட்சி திரும்ப வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1968இல் ஐவன் சதர்லேண்ட், தலையில் மாட்டும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். அது கூரையிலிருந்து ஒரு இயந்திரக் கை வழியாகத் தொங்கும். 1980களில் அப்பாச்சி ஹெலிகாப்டரில் விமானியின் தலை திரும்பும் பக்கம் துப்பாக்கியும் திரும்பியது. 2001இல் அமெரிக்காவின் நேச்சுரல்பாயின்ட் நிறுவனம் 'ட்ராக்-ஐஆர்' என்ற பெயரில் இதை வீட்டு மேஜைக்குக் கொண்டு வந்தது. 2007இல் ஜானி லீ என்ற ஆராய்ச்சி மாணவர், ஒரு விளையாட்டுக் கருவியின் கேமராவை வைத்தே இதைச் செய்து காட்டிய வீடியோ உலகம் சுற்றியது.

விலைக்கு வாங்கலாம்தான். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் கையில் சாலிடரிங் அயர்ன் சும்மா இருக்குமா?

நான் முதலில் செய்தது மூன்று இன்ஃப்ராரெட் எல்.இ.டி. வைத்து. முதல் வருட மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு எல்.இ.டி.யும் சுமார் 1.4 வோல்ட் எடுக்கும். மூன்றை வரிசையில் இணைத்தால் 4.2. யு.எஸ்.பி. கொடுப்பது 5 வோல்ட். மீதி 0.8. 50 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் எத்தனை ஓம்? ஆமாம், 16. அந்த மூன்று விளக்கையும் ஒரு முக்கோணச் சட்டத்தில் பொருத்தி, ஹெட்போனின் பக்கவாட்டில் மாட்டிக் கொண்டேன்.

வெப் கேமராவுக்குள் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாதாரண வெளிச்சத்தைத் தடுக்கிற ஒன்றை லென்சின் முன்னால் வைக்க வேண்டும். அதற்குத் தோதானது பழைய ஃபிளாப்பிக்குள் இருக்கும் கறுப்புத் தகடு! இதைக் கேட்டு இங்கே சிரிப்பவர்கள் எல்லாம் 1980களில் படித்தவர்கள். மற்றவர்கள் ஃபிளாப்பி என்றால் என்ன என்று பக்கத்தில் கேட்டுக் கொள்ளவும். கண்ணாடியைக் கழற்றும்போது என் முதல் கேமராவை உடைத்தேன் என்பதையும் ஒப்புக் கொள்கிறேன். இரண்டாவது கேமராவில், கண்ணாடி போனதால் ஃபோகஸ் மாறிவிட்டது. லென்சைத் திருகி மறுபடி சரி செய்தேன்.

இப்போது கேமராவுக்குக் கறுப்புப் பின்னணியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே தெரியும். முக்கோணத்தின் அளவு நமக்குத் தெரியும். படத்தில் அது எப்படிச் சுருங்கி, நீண்டு, நகர்ந்து தெரிகிறது என்பதை வைத்து, தலை எங்கே இருக்கிறது, எப்படித் திரும்பியிருக்கிறது என்று கணக்கிடலாம். மொத்தம் ஆறு எண்கள்: இடவலம், மேல்கீழ், முன்பின் என்று மூன்று நகர்வுகள், மூன்று அச்சில் மூன்று திருப்பங்கள். இப்படிப்பட்ட கணக்குக்கு 1992இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் டிமென்தான், டேவிஸ் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். 25 வரி நிரல் போதும் என்பதைக் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார்கள். அணிகளைப் பெருக்கத் தெரிந்தால் போதும். 'மேட்ரிக்ஸ் எதுக்கு சார் படிக்கிறோம்?' என்று கேட்பவர்களுக்கு இது என் பதில்.

இன்று விளக்கும் வேண்டாம், ஃபிளாப்பியும் வேண்டாம். 2001இல் வயோலா, ஜோன்ஸ் இருவரும் படத்தில் முகத்தை வேகமாகக் கண்டுபிடிக்கும் வழியைச் சொன்ன பிறகு இந்தத் துறை வேகம் பிடித்தது. இப்போது நியூரல் நெட்வொர்க் வந்துவிட்டது. 'ஓப்பன்ட்ராக்' என்ற இலவச மென்பொருள், மேஜையில் இருக்கும் வெப் கேமராவில் முகத்தைப் பார்த்தே ஆறு எண்களையும் தருகிறது. மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

அரை பிக்ஸல் கணக்கு

இனிமேல்தான் விஷயம்.

தலையை 90 டிகிரி திருப்பினால் காட்சியும் 90 டிகிரி திரும்பினால் போதுமா? போதாது. தலை திரும்பிவிட்டால் மானிட்டரை யார் பார்ப்பது? எனவே தலை 25 டிகிரி திரும்பினால் காட்சி 150 டிகிரி திரும்பும்படி பெருக்கிக் கொள்கிறோம். தலை ஒரு பக்கம் போகும். கண் மட்டும் திரையிலேயே நிற்கும். முதல் இரண்டு நாள் மாமியார் வீட்டில் புது மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்ப்பது போல இருக்கும். பிறகு மூளை பழகிவிடும்.

ஆறு மடங்கு பெருக்குகிறோம் அல்லவா, கேமராவின் பிழையும் ஆறு மடங்காகும். கணக்குப் பாருங்கள். 640 பிக்ஸல் அகலப் படம், 60 டிகிரி பார்வைக் கோணம், 60 சென்டிமீட்டர் தூரம். ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 9 பிக்ஸல். மூக்கு நுனி கழுத்தின் அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக் கொண்டால், தலை ஒரு டிகிரி திரும்பும்போது மூக்கு நகர்வது 1.75 மில்லிமீட்டர். படத்தில் அது ஒன்றரை பிக்ஸலுக்குச் சற்று மேல். கேமரா அரை பிக்ஸல் தடுமாறினால் 0.3 டிகிரி பிழை. ஆறால் பெருக்கினால் ஏறக்குறைய 2 டிகிரி. தலை அசையாமல் இருக்கும்போதே காக்பிட் முழுவதும் கிடுகிடுவென்று ஆடும். முதல் நாள் எனக்குக் குமட்டலே வந்துவிட்டது.

சரி, சராசரி எடுப்போம் என்று நினைத்தேன். கடைசிப் பத்துப் படங்களின் சராசரி. பிழை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பத்தின் வர்க்கமூலம் 3.16 என்பது ஞாபகம் இருக்கிறதா? காட்சி பட்டு மாதிரி நின்றது. ஆனால் தலையைத் திருப்பினால் காட்சி சோம்பேறித்தனமாகப் பின்னால் வந்தது. ஒரு செகண்டுக்கு 30 படம் எடுக்கும் கேமராவில், பத்துப் படங்களின் சராசரி என்பது நான்கரைப் படம் முந்தைய செய்தி. அதாவது 150 மில்லி செகண்ட் தாமதம். மறுபடி குமட்டல்!

நடுக்கத்தைக் குறைத்தால் தாமதம் கூடும். தாமதத்தைக் குறைத்தால் நடுக்கம் கூடும். இரண்டையும் ஒரேயடியாக ஒழிக்க முடியாது. இதைத்தான் சார் கரும்பலகையில் எழுதினார். நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தேன்.

இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி உண்டு. தலை அசையாமல் இருக்கும்போதுதான் நடுக்கம் கண்ணில் படும். வேகமாகத் திரும்பும்போதுதான் தாமதம் உறுத்தும். எனவே வேகத்தைப் பார்த்து ஃபில்டரை மாற்று: மெதுவாக இருந்தால் அழுத்திப் பிடி, வேகமாகப் போனால் விட்டுவிடு. 2012இல் காஸியே, ரூசெல், வோகல் என்ற மூவர் 'ஒன் யூரோ ஃபில்டர்' என்று இதை எழுதினார்கள். ஓப்பன்ட்ராக்கில் இருக்கும் ஃபில்டரும் ஏறக்குறைய இந்த எண்ணத்தில்தான் வேலை செய்கிறது. இதோடு, தலை நேராக இருக்கும்போது இரண்டு டிகிரிக்குள் அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரு 'டெட் ஸோன்' வைத்தேன். பிரமாதமாக வேலை செய்தது. நெல் வயலுக்கு விடுமுறை. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக் கொண்டேன்.

நண்பன் வீட்டில்

ஹாஸ்டலில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் ஒருவன். இன்று இந்த அரங்கில்தான் இருக்கிறான். பெயர் சொல்லக் கூடாது, மேடைக்குக் கூப்பிடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் பேச அனுமதி கொடுத்திருக்கிறான். என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தான். ஒருமுறை கிளைடரில் மேலே போய்விட்டு வந்து மூன்று நாள் தூங்கவில்லை, எங்களையும் தூங்க விடவில்லை. விமானப் படைக்குப் போக ஆசைப்பட்டான். கண் பார்வை ஒத்துக் கொள்ளவில்லை. வங்கிப் பரீட்சை எழுதி அதிகாரியானான்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது இல்லை. டம்ளரை எடுத்தால், பேனாவைப் பிடித்தால் நடுங்கும். 'எசென்ஷியல் ட்ரெமர்' என்றார் மருத்துவர். பார்க்கின்சன் இல்லை, உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் வங்கி அதிகாரிக்குக் கையெழுத்துதானே பிழைப்பு? தன் கையெழுத்து தனக்கே பொருந்தவில்லை என்று அவன் சிரித்துக் கொண்டே சொன்னான். கூட இருந்த எங்களால் சிரிக்க முடியவில்லை. பிறகு தலையிலும் லேசான ஆட்டம் வந்தது. கூட்டத்துக்கு வருவதைக் குறைத்துக் கொண்டான்.

சிமுலேட்டர் அவன் வீட்டிலும் இருந்தது. மகன் வாங்கிக் கொடுத்தது. ஆனால் தொடுவதில்லை. காரணம் கேட்டேன். "நேரா ஓட்டறது கஷ்டமில்லடா. முழங்கையை மேஜையில வச்சுக்கிட்டா சமாளிச்சுடுவேன். சுத்திப் பாக்கணும்னு கட்டை விரலைத் தூக்கினேன்னா முழுக் கையும் ஆடுது. விமானம் குப்புறப் போகுது" என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னிடம்தான் மருந்து இருக்கிறதே! பார்ப்பதற்குத் தலை, ஓட்டுவதற்குக் கை. கட்டை விரலுக்கு வேலையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வெப் கேமராவைத் தூக்கிக் கொண்டு போனேன். என் செட்டிங்கை அப்படியே ஏற்றினேன். அவனை உட்கார வைத்தேன்.

திரை புயலில் மாட்டிய படகு மாதிரி ஆடியது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தான். பிறகு மெதுவாக எழுந்து, "வேணாம்டா. நான் ஆடுறது போதாதுன்னு இப்ப வானமும் ஆடுது" என்றான். அவன் மனைவி, "அண்ணா, காபி ஆறிப் போகுது" என்று பேச்சை மாற்றினார். அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு என் மேலேயே கோபம்.

என்ன தப்பு செய்தேன்? யோசித்தால் தப்பு வெட்ட வெளிச்சம். 'வேகமாக அசைந்தால் அது வேண்டுமென்றே செய்யும் அசைவு. மெதுவாக இருந்தால் அது கேமராவின் தடுமாற்றம்' என்று என் ஃபில்டர் நம்பியது. எனக்கு அது சரி. அவனுக்கு நேர்மாறு. அவன் வேண்டாமல் வருகிற அசைவுதான் வேகமானது. என் ஃபில்டர் அதைப் பார்த்து, 'ஐயா வேகமாகத் திரும்புகிறார்' என்று கதவை அகலத் திறந்துவிட்டது. ஃபில்டர் என்று நான் கொண்டு போனது என் கழுத்துக்கு எடுத்த அளவு. அதை அவனுக்கு மாட்டிவிட்டு, பொருந்தவில்லையே என்று நின்றேன்.

அடுத்த முறை கேட்டுக் கொண்டுதான் போனேன். அவன் சம்மதத்தோடு போனில் ஒரு வீடியோ எடுத்து, ஓட விட்டு எண்ணினேன். தலை ஆட்டம் ஒரு செகண்டுக்கு ஐந்து தடவை, சில நேரம் ஆறு. வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்க அவன் எடுத்துக் கொண்ட நேரம் ஒரு செகண்டுக்குக் குறையாது. இரண்டும் வேறு வேறு அதிர்வெண்ணில் இருக்கின்றன. அப்படியானால் வேகத்தைப் பார்க்காத, பழைய, சாதாரண லோ-பாஸ் ஃபில்டரே போதும். ஒரு ஹெர்ட்ஸில் வெட்டினால், 5 ஹெர்ட்ஸ் ஆட்டம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். நிரலில் ஒரே ஒரு வரி: புதிய மதிப்பில் 17 சதவீதம், பழைய மதிப்பில் 83 சதவீதம். தாமதம் சுமார் 160 மில்லி செகண்ட். எனக்குக் குமட்டல் வந்த அதே தாமதம். அவனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அவசரம் உனக்குத்தான்டா. நான் சண்டை விமானமா ஓட்டப் போறேன்? மெதுவா வரட்டும்" என்றான்.

இன்னும் இரண்டு திருத்தம். தலை திரும்புவதற்கும் காட்சி திரும்புவதற்கும் உள்ள உறவை நான் வழவழப்பான வளைகோடாக வைத்திருந்தேன். அவனுக்கு அதைப் படிக்கட்டாக மாற்றினேன். நேராகப் பார்ப்பது ஒரு படி, பக்கத்து ஜன்னல் ஒரு படி, தோளுக்குப் பின்னால் ஒரு படி. ஒவ்வொரு படியும் சில டிகிரி அகலம். படியில் நிற்கும் வரைக்கும் தலை ஆடினாலும் காட்சி ஆடாது.

மற்றது வெளிச்சம். முதல் முறை போனது மாலையில். அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னல், முகத்தில் இருட்டு. வெளிச்சம் போதாவிட்டால் பல வெப் கேமராக்கள் தாங்களாகவே ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக் கொள்ளும். 30 படம் என்பது 15 ஆகிவிடும், படமும் கலங்கும். மேஜை விளக்கு ஒன்றைக் கொண்டு வந்து முகத்தில் படும்படி வைத்தோம். மூன்று திருத்தத்தில் மிகவும் மலிவானது இதுதான். உடனே பலன் கொடுத்ததும் இதுதான்.

செஸ்னாவைக் கிளப்பினான். ஆயிரம் அடி. இடது பக்கம் திரும்பி ஓடுபாதையைப் பார்த்தான். படி நின்றது, காட்சி நின்றது. முழங்கை மேஜையில், கை ஜாய்ஸ்டிக்கில் லேசாக. தோளுக்குப் பின்னால் பார்த்தான். "45 வந்தாச்சு" என்று தனக்குத் தானே சொல்லிக் கொண்டான். முதல் திருப்பம். செஸ்னாவின் இறக்கை காக்பிட்டுக்கு மேலே இருப்பதால், இடது பக்கம் சாயும்போது அந்த இறக்கையே கீழே வந்து ஓடுபாதையை மறைக்கும். நான் சொல்வதற்கு முன்பே அவன் நாற்காலியில் முன்னால் குனிந்து, இறக்கைக்கு முன்பக்கமாக எட்டிப் பார்த்தான். காட்சியும் குனிந்து எட்டிப் பார்த்தது. அதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

கடைசித் திருப்பம். ஓடுபாதை நேராக. இறங்கினான். இரண்டு முறை குதித்துவிட்டு நின்றது. "ரெண்டு தடவை குதிச்சுது. என்னடா பாத்துக்கிட்டு இருக்கே? இன்னொரு ரவுண்டு போறேன்" என்றான். அன்று பதினோரு ரவுண்டு. எனக்குக் கடைசி பஸ் போய்விட்டது. அவன் வீட்டிலேயே படுத்துவிட்டுக் காலையில் கிளம்பினேன்.

கதை அதோடு முடியவில்லை. அதே கேமராவை மவுஸுக்குப் பதிலாகவும் வைத்துக் கொண்டான். தலை அசைந்தால் அம்புக்குறி அசையும்; ஓர் இடத்தில் கொஞ்சம் நின்றால் க்ளிக். இதுவும் புதிதல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியில் ஜிப்ஸ், பெட்கி என்ற இரண்டு பேராசிரியர்கள், கை அசைக்க முடியாதவர்களுக்காக 'கேமரா மவுஸ்' செய்து இலவசமாகவே கொடுத்தார்கள். ட்ராக்-ஐஆர் செய்த நிறுவனமும் கை இயங்காதவர்களுக்கான மவுஸை விற்றது. விளையாட்டும் உதவியும் ஆரம்பத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து வீடுதான். இந்த ஒன்றுகூடலுக்கு உங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்ததே, அந்த முகவரிப் பட்டியலைச் சரிபார்த்துத் திருத்தியவன் அவன்தான். தலையால் செய்தான்.

மாணவர்களுக்கு

இன்று தலையில் மாட்டும் வி.ஆர். கருவிகள் வந்துவிட்டன, வெப் கேமரா எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். அந்தக் கருவி நல்லதுதான். ஆனால் அதை மாட்டிக் கொண்டால் மேஜையில் இருக்கும் வரைபடமும் தெரியாது, காபியும் தெரியாது. கண்ணாடி போட்டவர்களுக்கும், தலையில் பாரம் கூடாதவர்களுக்கும் கேமரா சௌகரியம். எல்லாவற்றுக்கும் மேல், கேமராவும் இலவச மென்பொருளும் இருந்தால் உள்ளே நடப்பது எல்லாவற்றையும் நீங்களே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். விடுதி அறையில் ஒரு சனிக்கிழமை போதும். முகத்துக்கு வெளிச்சம் வையுங்கள், பின்னால் ஜன்னல் வேண்டாம். மறுபடி நடுவுக்குக் கொண்டு வர ஒரு பொத்தானை ஒதுக்கி வையுங்கள். நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தால் தேவைப்படும். முதலில் ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு 'நாய்ஸ்' என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நாங்கள் படிக்கும்போது நாய்ஸ் என்றால் தூக்கிப் போட வேண்டியது என்று படித்தோம். அது சரிதான். ஆனால் எது நாய்ஸ், எது சிக்னல் என்று புத்தகம் சொல்லாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைக் கேட்க வேண்டும். என் நண்பனை நான் முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு மாலைப் பொழுது அவன் தலை குனிந்திருக்காது. நீங்கள் நாளைக்கு எதையாவது செய்து யாரிடமாவது கொடுக்கும்போது, கொடுப்பதற்கு முன் அவரிடம் பத்து நிமிடம் பேசிவிடுங்கள்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் செட்டில் கூட்டத்துக்கு வராமல் நின்று போனவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஏன் வரவில்லை என்று போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். கையில் வெப் கேமரா இருந்தால் எடுத்துக் கொண்டு போங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் கேமராவும் சிமுலேட்டரும் தயாராக இருக்கும். துறைத் தலைவர் அன்போடு அனுமதி கொடுத்திருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் வந்து ஓட்டிப் பார்க்கலாம். சொல்லிக் கொடுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். பதினோரு ரவுண்டு போனவர் என்று மட்டும் தெரிந்து கொள்ளுங்கள்.